பழைய உளுந்துக்கு ஒரு மரக்கால் கூடப் போட்டால் போதுமா?

"விதை கொஞ்சம் பழசுதான். அதனால என்ன, ஏக்கருக்கு ஒரு மரக்கால் கூடத் தெளிச்சா சரியாப் போயிடும்." தை பிறந்துவிட்டால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. உரக்கடை வாசலில், டீக்கடை பெஞ்சில், களத்துமேட்டில் எல்லாம் இதேதான். சம்பா பழுத்துத் தலை சாய்ந்திருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்தாக வேண்டும். வீட்டில் இருப்பதோ போன வருஷத்து உளுந்து. அது முளைக்குமா என்ற சந்தேகத்துக்கு ஊர் வைத்திருக்கும் பதில், தானியம் அளக்கிற அந்த ஒரு மரக்கால். கேட்பதற்கு நியாயமான கணக்காகத்தான் இருக்கிறது. நூற்றுக்கு அறுபது முளைக்கும் என்றால் அதற்குத் தகுந்தாற்போல் விதையைக் கூட்டிக்கொள்வது. ஆனால் மாசியில் வயலில் இறங்கிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நேராகி வந்ததாக எனக்கு ஒரு வருஷமும் தோன்றியதில்லை. ஓரிடத்தில் கும்பலாக நிற்கும், ஓரிடம் சொட்டையாகக் கிடக்கும். ஒரு செடி பூவெடுத்திருக்கும், அதை ஒட்டி நிற்கும் செடி நாலு இலையோடு திணறிக்கொண்டிருக்கும்.

இப்படி நெல்லுக்குப் பின்னால் வரும் தரிசு உளுந்து மற்றப் பயிர்களைப் போல் இல்லை என்பதால்தான் இது என்னை இவ்வளவு உறுத்துகிறது. அதற்கு உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. சம்பா வயலில் மிச்சமிருக்கும் ஈரமும், விடியற்காலைப் பனியும்தான் மூலதனம். மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது விதை விழ வேண்டும். கொஞ்சம் முந்தினால் சேற்றில் அழுகும், கொஞ்சம் பிந்தினால் மண் இறுகி வேர் இறங்காது. முளைக்கவில்லை என்று தெரியவரும்போது அறுப்பு இயந்திரம் வயலில் ஏறியிருக்கும். மறுபடி தெளிக்க ஈரம் இருக்காது. நாற்றங்கால் போய்விட்டால் இன்னொரு நாற்றங்கால் விடலாம். உளுந்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆக, இந்தப் பயிருக்கு விதை முளைப்பது மட்டும் போதாது, உடனே முளைக்க வேண்டும். பழைய விதை முதலில் இழப்பது அந்த வேகத்தைத்தான்.

சித்திரை வாக்கில் களத்தில் அடித்து எடுத்த உளுந்து, அடுத்த தை வரை எங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் சாக்கு மூட்டையில் வேகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சுவரெல்லாம் வியர்த்து நிற்கும் நாட்களில் சாக்குக்குள் இருக்கும் பருப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உளுந்து விதைக்குச் சான்று கொடுக்க ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, முளைப்புத் திறன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விதைக்காரர்களுக்கு விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த ஒரு விதி பாடம்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். இதைத் திருப்பிப் போட்டால் டெல்டாவின் கதை. ஒன்பது மாதத்தில் முதலில் வெப்பம், அப்புறம் ஈரம் என்று இரண்டுமே ஏறுகின்றன. குளிர்ந்து காய்ந்த ஊரில் அதே உளுந்து வருஷக்கணக்கில் தாங்கும். எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கிழடு தட்டிவிடுகிறது.

கணக்கு எங்கே இடறுகிறது

விதை சாவது வாரம் ஒன்றிரண்டாகச் சீராகக் குறைந்துகொண்டே போவதில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எல்லிஸ், ராபர்ட்ஸ் இருவரும் 1980இல் இதைச் சமன்பாடாகவே எழுதினார்கள். ஒரு மூட்டை விதை நீண்ட காலத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, எண்பத்தைந்து என்று நன்றாகவே முளைத்துக்கொண்டிருக்கும். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் முதுமை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சரசரவென்று இறங்கும். அதனால் நூற்றுக்கு அறுபது முளைக்கும் மூட்டையில், அந்த அறுபதும் நல்ல விதை, மிச்ச நாற்பதும் செத்த விதை என்று பிரித்துப் பார்ப்பது சரியில்லை. அந்த அறுபதும் அதே வெக்கையில், அதே ஈரத்தில் கிடந்தவைதான். சாகவில்லையே தவிர, நல்ல அடி வாங்கியிருக்கின்றன. ஈரத் துணியில் வைத்தால் முளை காட்டும். வயலில், அறுப்பு வைக்கோலுக்கு அடியில், இறுகிக்கொண்டே வரும் மண்ணில் பருப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வர அதற்குத் தெம்பு இருக்காது.

ஒரு மரக்கால் கூடத் தெளிப்பதில் எனக்கிருக்கும் சண்டை இதுதான். கூடத் தெளிப்பதால் பலவீனமான நாற்றுகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. முளைக்காமல் போனவை மண்ணில் சும்மாவும் கிடப்பதில்லை, அழுகுகின்றன. அந்த அழுகல் பூஞ்சாணத்துக்குத் தீனியாகி, பக்கத்தில் முளைத்து வருவதையும் பிடிக்கிறது. வேரழுகல் வந்த வயலில் சொட்டை திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னுமாக முளைத்த பயிரில் காயும் முன்னும் பின்னுமாக முற்றும். கடைசிச் செடி முற்றட்டும் என்று காத்திருந்தால் முதல் செடியின் நெற்று வெடித்துச் சிதறும்.

இரண்டு டம்ளர்

இதெல்லாம் புத்தகத்தில் படித்துப் புரிந்ததுதான். ஆனால் நிஜமாகவே உறைத்தது வீட்டு அடுக்களையில். விதைப்புக்கு முன்னால் முளைப்பு பார்க்கலாமென்று, கொல்லை மூட்டையிலிருந்து ஒரு கை உளுந்தும், வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கிய சான்று விதை ஒரு கையும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைத்திருந்தேன். காலையில் சான்று விதை இருந்த டம்ளரில் தண்ணீர் லேசாக நிறம் மாறியிருந்தது, கறுப்புத் தோல் என்பதால் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். பழைய உளுந்து கிடந்த தண்ணீரோ டீ டிக்காஷன் மாதிரி இருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் பிசுபிசுவென்று நூல் விட்டது. மோந்து பார்த்தால் புளித்த வாடை. நான்கு பருப்பைத் தோலுரித்துப் பார்த்தேன். பழைய விதையின் பருப்பில் குறுக்கே மயிரிழை போல வெடிப்புகள். சான்று விதையில் தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் பெரியப்பா வந்திருந்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுச்சே தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கத் தேவையில்லை. நடந்தது சரியாக அதுதான்.

விதையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. காய்ந்த விதையில் அது சுருங்கி, ஒழுங்கில்லாமல் கிடக்கும். தண்ணீர் பட்டதும் சவ்வு மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்ள வேண்டும். இளம் விதையில் இது சீக்கிரம் முடிந்துவிடும். வயதான விதையின் சவ்வு சேமிப்பிலேயே சிதைந்திருக்கும். அதிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டிருக்கும். அந்த நிலையில் விதையைத் தண்ணீருக்குள் முக்கினால், சவ்வு தன்னைச் சரிசெய்துகொள்வதற்கு முன்னால் தண்ணீர் பாய்ந்து உள்ளே புகுந்துவிடுகிறது. உள்ளே இருந்த சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிந்துவிடுகின்றன. பருப்பின் வெளிப்புறம் உப்புகிறது, உட்புறம் இன்னும் காய்ந்திருக்கிறது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு. 1960களில் பிரிட்டனில் பட்டாணி விவசாயிகளுக்கு இதே தொல்லை இருந்தது. ஆய்வகத்தில் நன்றாக முளைக்கும் விதை, குளிர்ந்த ஈர மண்ணில் விதைத்தால் அழுகியது. ஊறவைத்த தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று அளந்து, எந்த மூட்டை அதிகம் கசிகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த மின்கடத்துத் திறன் சோதனை இன்றைக்கும் விதை ஆய்வகங்களில் இருக்கிறது. நம்மிடம் அந்தக் கருவி இல்லை. கண்ணாடி டம்ளர் இருக்கிறது, நிறமும் பிசுபிசுப்பும் நமக்குப் போதும்.

மெதுவாகக் கொடுக்கும் தண்ணீர்

விதைப்புக்கு முன்னால் விதையைத் தயார்செய்யும் விதை நேர்த்தி என்றாலே எதில் ஊறவைப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சாணமும் கோமியமும் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யமா, பீஜாமிர்தமா, இல்லை துத்தநாகமா? அந்த டம்ளர்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சமாகிவிட்டது. பழைய பயறு விதைக்கு முதலில் கேட்க வேண்டியது, தண்ணீரை எவ்வளவு மெதுவாகக் கொடுக்கிறோம் என்பது. விதை தண்ணீர் குடிப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மடமடவென்று குடிக்கும். அப்புறம் குடிப்பதை நிறுத்திவிட்டது போல் ஒரு நிலை வரும். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காது. உள்ளே சவ்வு சீராகும், சிதைந்த மரபணு இழைகள் பழுதுபார்க்கப்படும், முளைப்புக்கு வேண்டிய நொதிகள் தயாராகும். அதற்குப் பிறகுதான் முளை வெளியே வரும். பழைய விதைக்கு முதல் கட்டத்தின் வேகத்தைக் குறைத்து, நடுக் கட்டத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும். முளை வருவதற்குள் நிறுத்திவிட்டால் திரும்பக் காயவைக்கலாம், விதை தாங்கும். முளைவேர் எட்டிப் பார்த்த பிறகு காயவைத்தால் செத்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் பெரிதும் மதிக்கும் பெயர், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆர்.என். பாசு. 1970களிலிருந்து அவரும் அவருடைய மாணவர்களும் செய்த வேலை, வங்காளத்தின் புழுக்கத்தில் வீணாகும் விதைகளைப் பற்றியது. நம் டெல்டாவின் பிரச்சினையும் அதுதானே. விதையை நனைத்துத் திரும்பக் காயவைக்கும் முறையைப் பல பயிர்களில் செய்து பார்த்தார்கள். நெல்லுக்கு நேராகத் தண்ணீரில் ஊறவைப்பது சரிப்பட்டது. பயறு வகைகளுக்கு முக்கி எடுப்பது ஆபத்து என்று கண்டு, ஈர மணலோடு கலந்து வைப்பது, ஈரக் காற்றில் வைப்பது போன்ற வழிகளுக்குப் போனார்கள். அவர்கள் சொன்ன இன்னொன்றும் முக்கியம்: இந்த நேர்த்தி நடுத்தர வயது விதைக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. புது விதைக்குத் தேவையில்லை, சாகப்போகும் விதையைக் காப்பாற்றாது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹைடெக்கர் 1973இல் பாலிஎதிலீன் கிளைகால் கரைசலில் விதையை வைத்தார். அந்தக் கரைசல் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விதைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஈர மணல் செய்யும் வேலையை அங்கே ரசாயனம் செய்தது, அவ்வளவுதான்.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதைக் கடினப்படுத்தும் (நனைத்து உலர்த்தும்) பரிந்துரையைப் படித்தால் இதே நிதானம் அதற்குள்ளும் தெரிகிறது. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் துத்தநாக சல்பேட்டை 100 பிபிஎம் அளவில், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்று கரைத்து, 3 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தச் சொல்கிறார்கள். எல்லோரும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கரைசலின் அளவு: ஒரு கிலோ விதைக்கு 350 மில்லிதான், விதை எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாளி நிறையத் தண்ணீரில் விதை மூழ்கிக் கிடப்பதற்கும், இருக்கிற கொஞ்சத்தை எல்லா விதையும் பங்குபோட்டுக் குடிப்பதற்கும் மலையளவு வித்தியாசம். பீஜாமிர்தம் செய்கிறவர்களும் பயறு வகைகளை அதில் ஊறப்போட மாட்டார்கள், நனைத்த உடனே எடுத்து உலர்த்துவார்கள். தோல் மெலிசு, உரிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். வெவ்வேறு வழியில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

நாங்கள் இப்போது செய்வது இப்படி. முதலில் முளைப்பு பார்க்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு வேலையும் இல்லை. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, அதில் 100 விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிறுத்திவைப்பது. நான்காம் நாள் ஒரு தடவையும் ஏழாம் நாள் ஒரு தடவையும் எண்ண வேண்டும். நான்காம் நாள் எண்ணிக்கையைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன், வேகம் அதில்தான் தெரியும். அப்புறம் நேர்த்தி. கோணிச் சாக்கை நனைத்து, சொட்டாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, தரையில் விரித்து, அதன் மேல் விதையை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, இன்னொரு ஈரச் சாக்கால் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறோம். விதை முதலில் ஆவியைக் குடிக்கிறது, அப்புறம்தான் ஈரத்தை. விடிகாலையில் கையில் அள்ளினால் தோல் சுருக்கம் விட்டு மழமழவென்று இருக்கும், கனம் கூடியிருக்கும், ஆனால் கையில் தண்ணீர் ஒட்டாது. அந்தப் பதம் வந்த பிறகுதான் துத்தநாகக் கரைசலைக் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்டுவது. பிறகு திண்ணை நிழலில் உலர்த்தல். உலர்ந்ததும், நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம். கசிகிற விதை பூஞ்சாணத்தைக் கூப்பிடும் விதை, அதனால் பழைய விதைக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. கடைசியாக அரிசிக் கஞ்சியில் வேர்முடிச்சு நுண்ணுயிரான ரைசோபியம் கலந்து பூசி, நிழலில் ஆற்றி, அன்றைக்கே வயலுக்குப் போய்விட வேண்டும். நேர்த்தி செய்த விதையை "மழை வருது, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று மூட்டை கட்டி வைத்தால், செய்த வேலை எல்லாம் பாழ். நிழலில் மட்டும் ஆறி, முழுக்கக் காயாமல் விழித்துக்கொண்ட விதைக்குச் சேமிப்பில் ஆயுள் குறைவு.

செய்யக் கூடாத இடங்கள்

பாதிக்குக் கீழே முளைக்கும் மூட்டைக்கு இதையெல்லாம் செய்யாதீர்கள். செத்த விதையை எதுவும் எழுப்பாது. "எங்க கரைசல்ல நனைச்சா எந்த விதையும் முளைக்கும்" என்று பாட்டிலை நீட்டுகிறவரிடம், உங்கள் மூட்டையிலிருந்தே 100 விதையைக் கொடுத்து முளைப்பு காட்டச் சொல்லுங்கள். அந்த உளுந்து மருந்து படாததாக இருந்தால் மாவுக்கு அரைத்துவிட்டு, வேறு விதை தேடுவதுதான் பயிருக்கும் பணத்துக்கும் நல்லது. நெல்லுக்கு நான் சொன்ன பயம் இவ்வளவு கிடையாது. உமி இருப்பதால் தண்ணீர் நிதானமாகத்தான் இறங்கும், ஊறவைத்து மூட்டம் போடும் பழக்கமே போதுமானது. நிலக்கடலையைப் பருப்பாக உடைத்து வைத்தால் சீக்கிரம் கெடும், விதைப்பு வரை தோலோடு வைத்திருக்க வேண்டும். வெங்காய விதைக்கு ஒரு வருஷம் தாண்டினாலே நம்பிக்கை வைக்க முடியாது.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் பாதிக்குக் கீழே போன விதையோடும் மல்லுக்கட்டலாம்: அது வேறு எங்கும் கிடைக்காத ரகமாக இருந்தால். நெல் ஜெயராமன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பரப்பியபோது, இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு வைத்திருந்தார். விதை ஒவ்வொரு வருஷமும் வயலைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. பானையில் மறந்துபோய்க் கிடந்த ஒரு கைப்பிடி அரிய விதையில் பத்து முளைத்தாலும் போதும், அதைத் தொட்டியில் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். அங்கே ஏக்கர் கணக்கு கிடையாது.

தையில் செய்வதை ஆடியிலேயே செய்தால்?

பாசுவின் ஆய்வைப் படித்ததிலிருந்து என் மனதில் ஓடுவது இதுதான். நனைத்து உலர்த்துவதை விதைப்புக்கு முந்தைய நாள் வரை ஏன் தள்ளிப்போட வேண்டும்? சேமிப்பின் நடுவில், விதை இன்னும் நடுத்தர வயதில் இருக்கும்போதே செய்து நன்றாகக் காயவைத்துவிட்டால், மிச்ச மாதங்களில் முதுமை மெதுவாக ஏறுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. உளுந்துக்கு அந்த நடு, ஆடி. வெயிலும் இருக்கும், காற்றும் இருக்கும், ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கும். காயவைப்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையும் சாயங்காலமும் தார்ப்பாயில் பரப்பி, பல்லில் வைத்துக் கடித்தால் "கடுக்"கென்று உடையும்வரை உலர்த்த வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் கார்த்திகைக்குள் பூசணம் பூத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு சாக்கில் போடாமல், காற்றுப் புகாத கனமான 700 கேஜ் பாலித்தீன் பையில் கட்ட வேண்டும். நனைக்கவே பயப்படுகிறவர்களுக்கு உலர் நேர்த்தி இருக்கிறது: பிளீச்சிங் பவுடர், கால்சியம் கார்பனேட், அரப்பு இலைத் தூள் மூன்றையும் 5:4:1 என்று கலந்து, விதை கிலோவுக்கு 3 கிராம்.

இந்த ஆடியில் எங்கள் தெருவில் சில வீட்டு விதை உளுந்தைச் சேர்த்தே காயவைப்பதாகப் பேச்சு. பெரியப்பாவின் மூட்டையும் அதில் உண்டு. "நீ என்ன வேணா செய்யி தம்பி, அந்த ஒரு மரக்கால நான் விட மாட்டேன்" என்கிறார். சரி, பெரியப்பா வயலில் வடக்குப் பாதிக்கு அவருடைய அளவு, தெற்குப் பாதிக்கு என்னுடைய அளவு என்று முடிவு செய்திருக்கிறோம். சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டும். மாசியில் மூங்கில் சட்டம் ஒன்று செய்து, இரண்டு பக்கமும் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.